பரியும் ஈயும்

புதுக்கோட்டைச் சீமையில் ஊருக்கு ஒரு குதிரை லாயம் உண்டு என்று சொன்னால் அது மிகையாகாது. ஆனால் அந்த லாயத்துக் குதிரைகள் கொள்ளுத் தின்பதில்லை, கனைப்பதில்லை, கடிவாளத்தை இழுப்பதுமில்லை. கண்மாய்க் கரையிலும் பனங்காட்டு ஓரத்திலும் ஐயனார் கோயில் வாயிலில் வரிசை வரிசையாக நிற்கும் மண்குதிரைகள் அவை. வேளார் சமூகத்தார் களிமண் குழைத்து வனைந்து, சூளையில் சுட்டு எடுக்க, ஊரார் அவற்றைத் தோளில் சுமந்து செல்லும் விழாவுக்குப் ‘புரவி எடுப்பு’ என்று பெயர். ஆலங்குடிப் பக்கத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலில் நிற்கும் குதிரைச் சிலையின் உயரம் 33 அடி. மாசிமகத்தன்று காகிதப்பூ மாலைகள் அதன் கழுத்திலிருந்து குளம்புவரை மறைத்துவிடும்.

இந்தக் குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுவதுண்டு. வனைந்தவர் எதையும் மறக்கவில்லை. நெற்றிமயிர் உண்டு, பிடரிமயிர் உண்டு, சேணம் உண்டு, கழுத்தில் சதங்கைகூட உண்டு. ஒன்றுதான் இல்லை: தினவு. மண்குதிரையை ஈ மொய்ப்பதில்லை, கொசு கடிப்பதில்லை, அது புளியமரத்தில் கழுத்தைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக் கொள்வதுமில்லை. உயிருள்ள குதிரைக்கோ இந்த மண்ணில் அதுவே பெரும் துன்பம்.

குதிரையின் அரிப்பும் ஈக்கடியும் ஒரு வரலாற்றுக் கட்டுரைக்குரிய பொருளா என்று வாசகர்கள் வியக்கலாம். தமிழகம் பொன்னைக் கொட்டிக் கொடுத்து வாங்கிய பொருள்களுள் குதிரைக்கு நிகரானது வேறில்லை. அக்குதிரைகளை இங்கே கொணர்ந்தவர்களோ பெரும்பாலும் அரபு, பாரசீகக் கரைகளின் முஸ்லிம் வணிகர்கள். எனவே அந்தக் குதிரைகள் இங்கே எப்படி வாழ்ந்தன, எப்படி மடிந்தன என்னும் கேள்விக்கு விடை கூறும் கடமையில் நமக்கும் ஒரு பங்குண்டு.

பெருந்துறையில் தொடங்கிய கதை

அறந்தாங்கிக்கு அருகிலுள்ள ஆவுடையார்கோயிலே மாணிக்கவாசகர் வரலாற்றில் வரும் திருப்பெருந்துறை என்பது மரபு. பாண்டிய மன்னன் தன் அமைச்சரிடம் பெரும்பொருளைக் கொடுத்துக் குதிரை வாங்கிவர அனுப்புகிறான். அமைச்சர் அப்பொருளைத் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்டு விடுகிறார். மன்னன் சினக்க, இறைவனே குதிரை வணிகராக வருகிறார். நரிகள் பரிகளாகி மதுரைக்குள் நுழைகின்றன. அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடி விடுகின்றன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதனை விரிவாகப் பாடுவதுடன், வணிகர் வாய்மொழியாகக் குதிரைகளின் இலக்கணத்தையும் சொல்லிச் செல்கிறது.

இது சைவப் பெருமக்களின் பக்திக்குரிய கதை. அதன் உட்பொருளை ஆராய்வது நம் வேலையன்று. எனினும் கதை நிகழும் சூழல் வரலாற்று மாணவருக்குப் பாடம் சொல்கிறது. கருவூலத்துப் பொன் குதிரைக்காகக் கடற்கரைக்குச் செல்கிறது. குதிரையோடு வருபவர் அயலார். வாங்கிய குதிரைகள் நிலைக்கவில்லை, விடியும்போது லாயம் வெறுமையாகி விடுகிறது. இம்மூன்றும் கற்பனையல்ல என்பதற்கு வேறு சான்றுகள் உள.

குதிரை கடல்வழி வந்த செய்தி மிகப் பழையது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கலமேறி வந்த குதிரைகளைக் குறிப்பிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் ‘குதிரைச் செட்டிகள்’ வருகின்றனர். பிற்காலப் பாண்டியர் ஆட்சியில், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இவ்வணிகம் உச்சத்தை அடைந்தது. அக்காலத்தைப் பற்றி இருவர் விரிவாக எழுதியுள்ளனர். ஒருவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். மற்றவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ.

பொன்னின் கணக்கும் உயிரின் கணக்கும்

வஸ்ஸாஃப் தரும் கணக்கு திகைக்க வைப்பது. கைஸ் தீவின் தலைவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபீ, தம் சொந்தக் குதிரைகளிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மஃபருக்கு, அதாவது நம் தமிழகக் கரைக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். குதிரை ஒன்றின் விலை செம்பொன் தீனார் 220. வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் விலை உண்டு. அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டிய மன்னனின் அவையில் அமைச்சராயிருந்து காயல் முதலிய துறைகளைக் கண்காணித்தார். அதற்கு முன்பு அத்தாபக் அபூபக்ர் காலத்தில் பாரசீகக் குடாவின் துறைகளிலிருந்து ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் மஃபர் முதலிய இடங்களுக்குச் சென்றன. அவற்றின் விலை 22 லட்சம் தீனார். இப்பெருந்தொகை கோயில் வருவாய்களிலிருந்து செலுத்தப்பட்டதாகவும் அவர் எழுதுகிறார். பெருந்துறைக் கதையிலோ குதிரைக்குரிய பொன் கோயிலுக்குச் சென்றது. வஸ்ஸாஃபின் கணக்கில் கோயிலுக்குரிய பொன் குதிரைக்குச் செல்கிறது!

ஆண்டுதோறும் இத்தனை குதிரைகள் எதற்கு? சென்ற ஆண்டு வாங்கியவை உயிரோடு இல்லை, அதனால்தான். மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான், அவனுடைய சகோதரர் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர், ஆனால் ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட மிஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோ கூறுகிறார். குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அதோடு நில்லாமல், குதிரை வைத்தியம் அறிந்தவர் எவரையும் வணிகர்கள் இங்கே அழைத்து வருவதில்லை, வரவும் விடுவதில்லை, குதிரைகள் செத்தால்தானே மறுபடியும் விற்கலாம் என்றும் ஒரு குற்றச்சாட்டை வைக்கிறார்.

வஸ்ஸாஃப் பராமரிப்பைப் பற்றி இன்னும் நுணுக்கமாக எழுதுகிறார். வந்திறங்கிய குதிரைக்கு வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்டுச் சமைத்த தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைப் புகட்டுகின்றனர். கொழுக்க வேண்டும் என்பதற்காக நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றால் பிணித்து லாயத்தில் நிறுத்தி வைக்கின்றனர். பிறகு பயிற்சி ஏதுமின்றி ஏறிச் சவாரி செய்கின்றனர். வலிமையும் விரைவும் மிக்க குதிரைகள் சில நாளிலேயே நலிந்து, மந்தித்து, பயனற்றுப் போகின்றன. இந்நாட்டின் காற்றும் வெப்பமும் அவற்றுக்கு ஒவ்வாமை மற்றொரு காரணம்.

‘நாற்பது நாள் முளையில் கட்டி’ என்னும் செய்தியை வாசகர்கள் நினைவில் நிறுத்த வேண்டுகிறோம். மார்க்கோ போலோவின் நூல் பதிப்பு ஒன்றில் இதே நாட்டைப் பற்றி வேறொரு செய்தியும் காணப்படுகிறது. இங்குள்ள பெருமக்கள் இலேசான பிரம்புக் கட்டிலில் படுத்து, அதைக் கயிற்றால் கூரையை ஒட்டி உயர்த்திக் கொள்வார்களாம். கடிக்கும் சிலந்தி, தெள்ளு போன்றவற்றிலிருந்து தப்பவும், நல்ல காற்றுப் பெறவும் இந்த ஏற்பாடு. பூச்சிக்கடியிலிருந்து தப்ப உயரமும் காற்றும் வேண்டும் என்பதை இந்நாட்டார் நன்றாகவே அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். தமக்குக் கட்டிலை உயர்த்திக் கொண்டவர்கள், 220 தீனார் கொடுத்து வாங்கிய உயிரைத் தரையோடு தரையாக நாற்பது இரவுகள் முளையில் பிணித்தனர்.

சிறு பூச்சி செய்யும் பெருந்தீங்கு

வஸ்ஸாஃபோ மார்க்கோ போலோவோ ஈயைக் குற்றஞ்சாட்டவில்லை. அக்குதிரைகள் ஈயால்தான் மடிந்தன என்று நாமும் சொல்லவில்லை. தீனி, வெப்பம், பயிற்சியின்மை, குளம்பைக் கவனியாமை எனக் காரணங்கள் பல. ஆனால் இன்றைய கால்நடை மருத்துவம் கண்டறிந்த உண்மைகளை அந்த லாயத்தின் வாயிலில் வைத்துப் பார்த்தால், ஈயும் கொசுவும் அந்தக் காரணங்களுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

குதிரையை வாட்டும் தினவுக்கு முதற் காரணம் க்யூலிகாய்ட்ஸ் என்னும் மிகச் சிறிய கடிபூச்சி. அதன் நீளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். ஈரச் சேற்றிலும் சாணம் கலந்த மண்ணிலும் பிறப்பது. அந்தி மயங்கும் வேளையிலும் விடியற்காலையிலும் கூட்டமாக வந்து மொய்ப்பது. அது கடிப்பதால் உண்டாகும் வலி சிறிது. அதன் உமிழ்நீர் சில குதிரைகளின் உடலுக்கு ஒவ்வாமல் போவதே பெருந்துன்பத்துக்குக் காரணம். பிடரியிலும் வாலின் அடியிலும் தாங்கவொண்ணாத அரிப்பு எழும். குதிரை மரத்தில் தேய்க்கும், சுவரில் தேய்க்கும், தன்னைத் தானே கடிக்கும். மயிர் உதிர்ந்து, தோல் தடித்து மடிந்து, புண்ணாகிச் சீழ் பிடிக்கும். தீனியில் நாட்டம் குறையும், உறக்கம் கெடும், சாதுவான குதிரையும் முரடாகும்.

இது சொறி அன்று. சொறி என்பது கண்ணுக்குப் புலப்படாத உண்ணிகள் தோலில் குடியேறுவதால் வருவது; ஒரு குதிரையிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவது. ஒவ்வாமைத் தினவு தொற்றாது. ஒரே லாயத்தில் பத்துக் குதிரைகள் நிற்க, ஒன்று மட்டும் துடிக்கும். ஒன்பது அமைதியாக நிற்கும். மழைக்காலத்தில் தோன்றி, பூச்சி ஓய்ந்ததும் தணிந்து, மறு ஆண்டு மீண்டும் வருவது இதன் இயல்பு. இரண்டையும் பிரித்தறியாமல் மருந்திட்டால் பயனில்லை.

இதில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வட கடலில் ஐஸ்லாந்து என்னும் தீவு நாடு இருக்கிறது. இந்தக் கடிபூச்சி நெடுங்காலம் அங்கே இல்லை. அந்நாட்டுக் குதிரைகள் தாயகத்தில் இந்தத் தினவை அறியமாட்டா. அவற்றை ஐரோப்பாவின் பெருநிலத்துக்கு விற்று, பூச்சி மிகுந்த இடங்களில் காப்பின்றி விட்டால், ஈராண்டு கழிவதற்குள் பாதிக்கு மேற்பட்டவை இந்நோய்க்கு ஆளாகின்றன. அதே இனத்தில் ஐரோப்பாவிலேயே பிறந்த குட்டிகளுக்கோ இந்நோய் மிகக் குறைவு. இளமையிலேயே பூச்சிக்கடி பழகிய உடல் அதைத் தாங்கிக் கொள்கிறது. வளர்ந்தபின் புலம்பெயர்ந்த உடல் தாங்குவதில்லை.

இப்பொழுது ளுஃபாரிலும் ஷிஹ்ரிலும் வறண்ட காற்றில் வளர்ந்த குதிரையை எண்ணிப் பாருங்கள். கலத்தில் ஏற்றிப் பல நாள் கடலில் அலைத்து, உப்பங்கழியும் வயற்சேறும் சூழ்ந்த கரையில் இறக்குகிறார்கள். அரபு நாட்டிலும் கடிபூச்சி இல்லாமலில்லை. ஆயினும் வடகிழக்குப் பருவமழையில் நனைந்த நம் கரையின் பூச்சிப் படை அந்தக் குதிரைக்குப் புதியது. கால்களோ பிணிக்கப்பட்டுள்ளன, தேய்த்துக்கொள்ள மரமில்லை, விலகி நடக்க வழியில்லை, காற்றோட்டமில்லை. இந்தப் பூச்சியோ வலுவாகப் பறக்க இயலாதது. மெல்லிய காற்று வீசினாலே ஒதுங்கி விடும். வெட்டவெளியில் நிறுத்தி உலவ விட்டிருந்தாலே பாதித் துன்பம் தீர்ந்திருக்கும்.

ஈயின் தீங்கு தோலோடு நிற்பதில்லை. ‘பர்சாத்தி’ என்று நம் நாட்டுக் குதிரைக்காரர்கள் பெயரிட்ட ஒரு புண் உண்டு. மழையைக் குறிக்கும் ‘பர்சாத்’ என்னும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மழைக்காலத்தில் ஆறாமல் பெருகி, குளிர்காலத்தில் தானே அடங்கும். ஈக்கள் சுமந்து வரும் ஒருவகைப் புழுக்குஞ்சுகள் ஈரப் புண்ணில் இறங்குவதால் அது உண்டாகிறது. தினவால் தேய்த்த இடம் புண்ணாகிறது. புண்ணுக்கு ஈ வருகிறது. ஈயோடு புழு வருகிறது. இதனினும் கொடியது ‘சுர்ரா’. மாட்டு ஈ என்று நாம் சொல்லும் பெரிய கடி ஈக்கள் ஒரு குதிரையின் குருதியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் நோய் அது. 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கான் பகுதியில் கிரிஃபித் எவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர், நோயுற்ற குதிரைகளின் குருதியில் நெளியும் நுண்ணுயிரைக் கண்டார். இன்று அந்நுண்ணுயிர் அவர் பெயராலேயே வழங்குகிறது. காய்ச்சல் விட்டு விட்டு வரும், கால் வீங்கும், தீனி தின்றபடியே குதிரை மெலிந்து சாகும். நல்ல தீனி கொடுத்தும் நலிந்து போயின என்று வஸ்ஸாஃப் வியந்த குதிரைகளுள் எத்தனை இந்நோயால் மடிந்தனவோ! அண்மைக் காலத்திலும் இந்தக் கூட்டத்தின் தீங்கு குறையவில்லை. 1960இல் இந்தியாவுக்குள் நுழைந்து குதிரைகளைக் கொன்ற ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளை நோயைப் பரப்புவதும் நாம் மேலே கண்ட அதே க்யூலிகாய்ட்ஸ் பூச்சிதான்.

பைத்தார் வராத கப்பல்

குதிரை வைத்தியரை அரபு மொழியில் ‘பைத்தார்’ என்பர். அக்கலைக்குப் ‘பைத்தரா’ என்று பெயர். கிரேக்கச் சொல்லிலிருந்து அரபுக்கு வந்து, அரபிலிருந்து ஸ்பானிய மொழிக்கு ‘அல்பெய்தார்’ எனச் சென்ற சொல் இது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இப்னு அகீ ஹிஸாம் குதிரையேற்றத்தையும் குதிரை வைத்தியத்தையும் இணைத்து நூல் செய்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸெவில் நகரத்து இப்னுல் அவ்வாம் தம் வேளாண்மை நூலில் குதிரைக்கும் இடம் கொடுத்தார். எகிப்தின் சுல்தான் நாஸிர் முஹம்மது இப்னு கலாவூனின் லாயத்துத் தலைமை வைத்தியர் அபூபக்ர் இப்னு பத்ர் எழுதிய ‘காமிலுஸ் ஸினாஅதைன்’ இக்கலையின் முடிமணி. அதனை 1852 முதல் 1860 வரை பெர்ரன் என்பார் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து வெளியிட்டார். சொறியை ‘ஜரப்’ என்றும் அரிப்பை ‘ஹிக்கா’ என்றும் அரபு மொழி பிரித்து வழங்கியது. சொறிக்குக் ‘கத்ரான்’ என்னும் மரத்தாரைப் பூசுவது பாலைவன மக்கள் ஒட்டகத்துக்குச் செய்து கண்ட பழைய முறை.

இவற்றுக்கெல்லாம் முந்தியது நபிமொழி. குதிரையின் நெற்றிமயிரையும் பிடரிமயிரையும் வாலையும் வெட்டலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) தடுத்த செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் அழகானது. வால் குதிரைக்கு ஈயோட்டும் சாமரம். பிடரிமயிர் அதன் போர்வை. நெற்றிமயிரிலோ நன்மை பிணைக்கப்பட்டுள்ளது. இதன் அறிவிப்பாளர் வரிசையில் தொய்வு உண்டென்று ஹதீஸ் கலையார் சிலர் கூறுவர். எனினும் அதன் பொருளைக் கண்ணால் கண்டு ஒப்பாதார் இல்லை. இங்கிலாந்து 1949இல்தான் குதிரையின் வாலைத் துண்டிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. நோயுற்ற விலங்கை நலமுற்றவற்றோடு கலக்கலாகாது என்னும் நபிமொழியும் புகாரியில் உண்டு. சொறி பிடித்த ஒட்டகத்தைப் பற்றிய உரையாடலோடு அதைச் சேர்த்தே ஆசிரியர்கள் விளக்குவார்கள். தம் குதிரையின் முகத்தை நபியவர்கள் தம் மேலாடையாலேயே துடைத்துவிட்டதை முவத்தா பதிவு செய்துள்ளது. ஸுலைமான் (அலை) அவர்கள் குதிரைகளின் கால்களையும் கழுத்துகளையும் தடவிய செய்தி ‘ஸாத்’ அத்தியாயத்தில் வருகிறது. அதற்கு விரிவுரையாளர்கள் பலவாறு பொருள் கூறினும், அன்போடு தடவிக் கொடுத்தார் என்னும் இப்னு அப்பாஸ் (ரலி) கருத்தையே தபரீ ஏற்கிறார்.

இத்தனை அறிவும் ஒரு சமுதாயத்தின் கைவசம் இருந்தது. காயல் துறையில் குதிரைகள் இறங்கிய அதே தலைமுறையில்தான் கெய்ரோவில் அபூபக்ர் வளர்ந்து, இக்கலையைக் கற்று, நூலெழுதினார். பைத்தார் என்னும் சொல் ஸ்பெயின்வரை சென்றது. தமிழகத்துக்குக் குதிரை ஏற்றிய கப்பலில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று.

மார்க்கோ போலோவின் குற்றச்சாட்டு உண்மைதானா? அவரும் ஒரு வணிகர். போட்டி வணிகரைப் பற்றித் துறைமுகத்தில் கேட்ட வம்பை எழுதியிருக்கலாம். வைத்தியர் வர விரும்பாததும் காரணமாகலாம். வாங்கியவர் வைத்தியரைக் கேளாததும் காரணமாகலாம். இருந்தும், கடலில் செத்த குதிரைக்கும் விலை பெற்றவர்களுக்குக் கரையில் நிற்கும் குதிரை வாழ்ந்தே ஆக வேண்டும் என்னும் கவலை இல்லாமற் போனதில் வியப்பில்லை. நம் முன்னோரின் கடல் வணிகத்தை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசவும் வேண்டும். அப்பெருமையோடு இந்தக் குறையையும் சேர்த்துச் சொல்வதே நீதி. குதிரையை விற்றார்கள், அதைக் காக்கும் கல்வியைத் தரவில்லை. வாங்கியவர்களும் அதைக் கேட்கவில்லை. நடுவில் வாய் பேசா உயிர் ஆயிரக்கணக்கில் மடிந்தது.

வண்டிப்பேட்டையில் கற்ற பாடம்

காலப்போக்கில் குதிரையோடு வாழும் மக்களும் தமிழகத்தில் நிலைபெற்றனர். ‘ராவுத்தர்’ என்னும் பெயருக்குக் குதிரை வீரர் என்பது பொருள். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று அழைக்கும் அளவுக்கு அச்சொல் தமிழில் கலந்தது. இம்மாவட்டத்துக் கடற்கரையில் கோட்டைப்பட்டினத்தில் அடங்கியுள்ள பெரியவரை மக்கள் ராவுத்தர் அப்பா என்றே போற்றுகின்றனர். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் படங்களோடு அச்சிட்ட ‘அசுவ சாஸ்திரம்’ வடமொழியாளரின் குதிரையறிவைக் காட்டுகிறது. இவர்கள் அனைவரின் அனுபவமும் சேர்ந்து, ஏட்டில் ஏறாமல், குதிரைக்காரர்களின் கைகளில் தங்கியது.

அந்தக் கைகளை நாம் புதுக்கோட்டை வண்டிப்பேட்டையில் பார்த்திருக்கிறோம். நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் ஜட்கா வண்டிகள் முற்றும் மறைந்துவிடவில்லை. அவற்றுள் ஒரு குதிரை, பிடரியில் மயிரே இல்லாமல், வாலும் ஓட்டக் கத்தரிக்கப்பட்டு, பார்ப்பதற்கு விகாரமாக நிற்கும். சக்கரத்திலும் மரத்திலும் ஓயாமல் கழுத்தைத் தேய்க்கும். நாங்கள் சிறுவர்கள், அதற்கு ‘மொட்டை’ என்று பெயரிட்டுச் சிரித்தோம். ஒரு நாள் எங்கள் உஸ்தாத் அதைக் கேட்டுவிட்டார். அவர் அதட்டவில்லை. எங்களை அக்குதிரையின் அருகே அழைத்துச் சென்று, அதன் பின்தொடையில் அமர்ந்திருந்த ஈக்களைக் காட்டினார். குதிரை வாலை அசைக்க முயன்றது. குட்டை வால் ஈக்கு எட்டவில்லை. “சாமரத்தைப் பறித்துவிட்டார்கள் தம்பி, இனி இது எதைக் கொண்டு விரட்டும்?” என்றார். அதன் பின்னரே அந்த நபிமொழியை எங்களுக்கு ஓதிக் காட்டினார். பிற்காலத்தில் அதே ஹதீஸை மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம், அந்தக் குட்டை வாலின் அசைவு நம் கண்முன் வராமல் போனதில்லை.

அதே பேட்டையில் முதிய ராவுத்தர் ஒருவர் இருந்தார். அவருடைய குதிரைக்கு வயதாகியும் மேனி பளபளக்கும். அஸர் தொழுததும் வண்டியை அவிழ்த்து, வியர்வையைக் கழுவித் துடைத்து, பிடரியிலும் வாலடியிலும் புங்கெண்ணெயோ வேப்பெண்ணெயோ இலேசாகத் தடவுவார். மஃரிபுக்கு முன் குதிரை கொட்டிலுக்குள் போய்விடும். வாயிலில் வேப்பிலையும் நொச்சியும் புகையும். சாணத்தை ஒரு வேளைகூடத் தங்க விடமாட்டார். நெற்றியில் ஒரு கொத்து வேப்பிலை தொங்கும். ‘ஏன் அத்தா இவ்வளவு சிரமம்?’ என்று கேட்டால், “நாளை மஹ்ஷரில் இதுக்கு வாய் வந்துட்டா நான் என்ன சொல்றது?” என்பார். க்யூலிகாய்ட்ஸ் என்னும் பெயரை அவர் கேட்டிருக்க நியாயமில்லை. ஆயினும் அது எந்த வேளையில் வரும், எங்கே கடிக்கும், எதற்கு அஞ்சும் என்பன அவருக்குத் தெரிந்திருந்தன.

இன்று செய்யத்தக்கவை

ஜட்காக்கள் மறைந்துவிட்டன, குதிரைகள் மறையவில்லை. நம் மாவட்டத்துத் திருவிழாக்களில் குதிரை வண்டிப் பந்தயம் இன்றும் நடைபெறுகிறது. பந்தயக் குதிரை வளர்க்கும் இளைஞர்களுக்குச் சில சொற்கள் பயன்படக்கூடும்.

முதியவரின் முறையை இன்றைய மருத்துவமும் பெரும்பாலும் ஏற்கிறது. அந்திக்கு முன் கொட்டிலில் சேர்ப்பது. விடிந்து வெயிலேறிய பின் வெளியே விடுவது. சாணத்தையும் தேங்கிய நீரையும் அகற்றுவது. இவையே முதற் காப்பு. கொட்டிலில் ஒரு மின்விசிறி ஓடினால் இந்தப் பூச்சி நெருங்காது. சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் அது நுழைந்துவிடும். ஆகவே மிக நெருக்கமான வலை வேண்டும். வேப்பெண்ணெயை முதலில் சிறிது இடத்தில் தடவிப் பார்த்து, தோல் தாங்கினால் மட்டும் தொடர வேண்டும். மண்ணெண்ணெயும் வண்டியின் கழிவெண்ணெயும் தோலை வேகவைக்கும். அவற்றை நெருங்கவே விடலாகாது. ஒன்றுக்கு மேற்பட்ட குதிரைகள் சொறிந்தால் தொற்றும் சொறி என ஐயுற்று, நோயுற்றதைப் பிரித்துக் கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரிப்பை உடனே அடக்கும் ஸ்டீராய்டு ஊசி சில குதிரைகளுக்குக் குளம்பு அழற்சியைக் கொண்டுவரும். மருத்துவர் சொல்லாமல் போடலாகாது. காய்ச்சல் விட்டு விட்டு வந்து மெலிந்தால் குருதியைச் சோதிக்கச் செய்ய வேண்டும். அழகுக்காக வாலைக் கத்தரிப்பதை அடியோடு விட வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. 220 தீனார் கொடுத்த பாண்டியனின் லாயத்தில் இல்லாமற்போன இக்கவனம், நாளைய கூலியை நம்பி வாழ்ந்த வண்டிக்கார ராவுத்தரின் கீற்றுக் கொட்டிலில் இருந்தது. அவருடைய குதிரை அவருக்குப் பல ஆண்டு உழைத்தது.

அடுத்த புரவி எடுப்பின்போது குளமங்கலத்துப் பக்கம் செல்லும் அன்பர்கள், அந்த மண்குதிரைகளின் வாலைச் சற்றுக் கவனியுங்கள். திரும்பும் வழியில் எங்கேனும் உயிருள்ள குதிரை ஒன்று மரத்தில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றால், அதன் உடையவரிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். வாயற்ற உயிர்களின் அமானத்தை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக!